கவனமாக இருப்பேன் என்ற பொத்தான்

மழை பெய்தால் எங்கள் ஊர் திங்கள்சந்தையில் இணையம் நொண்டத் தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் பாதி வருடம் அது நொண்டிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு காகிதத்தைப் பற்றி. ஆனாலும் மழையிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் ஒழுங்காக வரும்.

என் பெயர் ஜெபகுமாரி. நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. சுந்தரராஜ் சாருடைய லேப்பில் பதினேழு வருடமாக இருக்கிறேன். இரத்தம் எடுப்பதில் எனக்கு நோகாத கை என்று பெயர் உண்டு. கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்துகூட என்னைக் கூப்பிட்டு ஆள் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒருத்தியைப் பற்றி எழுதி வைக்கும்போது இதுவும் அதில் இருக்க வேண்டும் அல்லவா.

சர்க்கரை, உப்பு, கொழுப்பு போன்ற சாதாரண சோதனைகளை நாங்களே செய்வோம். பெரிய சோதனைகளுக்கான இரத்தம் சாயங்கால பஸ்ஸில் ஏறி சென்னையில் ஒரு பெரிய லேப்புக்குப் போகும். முடிவுகள் அவர்களுடைய இணையதளத்தில் வரும். பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான தளம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். மேல் பாதியில் பெயர், வயது, எண். கீழ்ப் பாதியில் டாக்டர் கையெழுத்திட்ட முடிவுத்தாளை அப்படியே படமாக வைத்திருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு நான் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது வெளியே பெஞ்சில் முப்பது பேராவது உட்கார்ந்திருப்பார்கள். பத்துப் பக்கங்களை ஒன்றாகத் திறப்பேன். பெயர்கள் வந்துவிடும், படங்கள் வராது. வெளியே முணுமுணுப்பு ஏறும். சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது.

2009 ஆகஸ்டில் ஒரு கம்ப்யூட்டர் மாத இதழில் பிரவுசரை வேகமாக்கும் வழி போட்டிருந்தார்கள். முகவரி வரும் இடத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் உள்ளே மறைத்து வைத்திருக்கும் ஒரு பக்கம் திறக்கும். திறக்கும் முன் எச்சரிக்கை வரும். இங்கே கை வைத்தால் எங்கள் உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்று இருக்கும். அதன் கீழே ஒரு பொத்தான். கவனமாக இருப்பேன், சத்தியம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நான் அதை அழுத்தினேன்.

அந்த ஏற்பாட்டை எளிதாகச் சொல்கிறேன். சாதாரணமாக பிரவுசர் ஒரு பொருளைக் கேட்கும். அது கைக்கு வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். டீக்கடையில் ஒருவர் டீயைக் குடித்துவிட்டுத்தான் அடுத்தவர் சொல்ல வேண்டும் என்றால் எப்படி இருக்கும், அப்படி. நான் மாற்றியதற்குப் பிறகு எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கடைக்காரர் சொன்ன வரிசையில் கொண்டுவந்து வைப்பார். பூட்டுப் படம் போட்ட தளங்களுக்கு இதற்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. அதில் 'இல்லை' என்று வைத்திருந்தார்கள். நான் இரண்டு முறை தட்டி 'ஆம்' ஆக்கினேன். சில தளங்கள் இதைத் தாங்காது என்றும் இதழில் எழுதியிருந்தது. அந்த வரியையும் நான் படித்தேன்.

அன்று முப்பத்தைந்து ரிப்போர்ட்டுகள் இருபது நிமிடத்தில் அச்சாகி வெளியே போயின. சார் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, "ஜெபா, என்ன மந்திரம் செய்தே?" என்று கேட்டார். பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் வேலை சம்பந்தமில்லாமல் கேட்ட முதல் கேள்வி அது. நான் சிரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. அன்றைய ரிப்போர்ட்டுகளில் இரண்டு, இரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்த்தவை. ஒன்று முட்டத்தைச் சேர்ந்த கிளீட்டஸுடையது. இருபத்தாறு வயது. சார்ஜாவுக்குப் போக இருந்தான். விசாவுக்கான பெரிய மெடிக்கல் சோதனைக்கு அனுப்பும் முன் ஏஜென்ட் இப்படி ஒரு முறை பார்த்து வரச் சொல்வது வழக்கம். மற்றது செல்வனுடையது. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம். கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. பெண்வீட்டார் கேட்டதால் எடுத்திருந்தார். சொந்த ஊரில் தெரிந்தவர்கள் கண்ணில் படவேண்டாம் என்று இவ்வளவு தூரம் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

செல்வன் தன் தாளை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கிளீட்டஸை நான் உள்ளறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

அவன் தாளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தான். நல்ல உயரம், கடலில் வளர்ந்த தோள். அந்தத் தோள் ஒரு பக்கமாகச் சரிந்ததைப் பார்த்தேன்.

"அக்கா, இது எனக்க பேப்பர்தானா? ஒருக்கா நல்லா பாருங்க."

பார்த்தேன். பெயர் சரி, வயது சரி, ஊர் சரி. "உனக்குள்ளதுதான் மக்கா" என்றேன். அந்த நேரத்தில் அது பொய் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"நான் ஒரு தப்பும் செய்யல்லியே" என்றான். பிறகு நாகர்கோவிலில் ஒரு தடவை ஊசி போட்டதையும், பச்சை குத்தியதையும், யாரோ ஒரு கூட்டாளியின் பிளேடையும் ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தான். எதிலிருந்து வந்திருக்கும் என்று கேட்டான். கடைசியில், "தங்கச்சிக்க பிள்ளைய நேத்து முழுக்க மடியில வச்சிருந்தேன். ஒட்டுமா அக்கா?" என்று கேட்டான். ஒட்டாது என்று சரியாகத்தான் சொன்னேன். அவன் நம்பவில்லை. இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போனான்.

சனிக்கிழமை காலை ஒரு அறுபது வயதுக்காரர் பெயரில் கர்ப்பம் உறுதி என்று ரிப்போர்ட் வந்தது. நானும் கூட வேலை செய்யும் பெண்ணும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முடிவுப் படத்தின் ஓரத்தில் எறும்பு அளவில் ஒரு எண் அச்சாகியிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தேன். அது அந்தப் பெரியவருடைய எண் இல்லை.

அவளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அந்த மறைவுப் பக்கத்துக்குப் போய் 'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கினேன். மந்திரத்தில் நடந்தது இவ்வளவுதான்: ஒரே மூச்சில் கேட்டதை அந்தத் தளம் வரிசை மாற்றித் தந்திருந்தது. ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் படம். ஐந்து நாட்களின் ரிப்போர்ட்டுகளையும் ஒன்றொன்றாக மறுபடி திறந்து பார்த்தேன். ஐந்து இடத்தில் மாறியிருந்தது. நான்கு சின்ன விஷயங்கள். அவர்களுக்கு நானே போன் செய்து, கம்ப்யூட்டர் கோளாறு, தாளை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். யாரும் கோபப்படவில்லை.

ஐந்தாவது, கிளீட்டஸும் செல்வனும்.

சரியான இரண்டு தாள்களையும் அச்செடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் செல்வன் வீட்டுக்குத்தான் போன் செய்தேன். அவருடைய அம்மா எடுத்தார். "மவன் குளிக்கான். ஆரு பேசுதது?" என்றார். லேப்பிலிருந்து என்றேன். "ஓ, அந்தப் பேப்பர் பெண்ணு வீட்டுல குடுத்தாச்சு கேட்டியளா. எல்லாருக்கும் சந்தோசம். கார்டு அடிக்கக் குடுத்தாச்சு" என்றார். நல்லது அம்மா, அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பயம் எப்படிப்பட்டது என்று எனக்கு அதுவரை தெரியாது. நெஞ்சு படபடக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. காது அடைத்துக்கொண்டது. பெஞ்சில் இருப்பவர்கள் வாயசைப்பது தெரிகிறது, சத்தம் வரவில்லை. சென்னைக்காரர்கள் தங்கள் பதிவேட்டைக் காட்டுவார்கள். கம்ப்யூட்டரில் யார் கை வைத்தது என்று சார் கேட்பார். போலீஸ் வரும். லேப் மூடப்படும், ஆறு பேர் வேலை போகும். திங்கள்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு தாள்களையும் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமைக்குள் கிளீட்டஸ் தன் கல்யாணத்தை நிறுத்தியிருந்தான். கிரேசி என்று ஒரு பெண். அதே ஊர், மூன்று வருடப் பழக்கம். சார்ஜா போய் ஒரு வருடத்தில் திரும்பி வந்து கல்யாணம் என்று பேச்சு. அவளை ஞாயிறு பூசை முடிந்ததும் நிறுத்தி, எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். காரணம் சொல்லவில்லை. ஆக, நான் சொல்லித் தடுக்கக்கூடியது அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. நான் அப்படித்தான் யோசித்தேன்.

பதினோராம் நாள் அவன் மறுபடி வந்தான். சவரம் செய்யாத முகம். "இன்னும் ஒருக்கா எடுத்துப் பாருங்க அக்கா. ஒரே ஒரு தடவ" என்று கையை நீட்டினான். நான் பட்டை கட்டி, ஐந்து மில்லி எடுத்து, பஞ்சு வைத்து மடக்கிவிட்டேன். அவன் போன பிறகு அந்த இரத்தத்தை பிளீச் வாளியில் ஊற்றினேன். அதிலிருந்து நான்காம் நாள் பழைய படத்தையே புதுத் தேதியோடு அச்செடுத்துக் கொடுத்தேன்.

அன்று ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டாம் முறை ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, முதல் முறை எங்கோ பிசகிவிட்டது என்றால் அவன் என் காலில் விழுந்திருப்பான். ஆனால் பிறகு அவன் சும்மா இருக்கமாட்டான். கல்யாணம் போயிற்று, விசா போயிற்று. சென்னைவரை போய்க் கேட்பான். சாரிடம் சத்தம் போடுவான். நான் நிதானமாக யோசித்துத்தான் செய்தேன்.

இன்னொன்றும் உண்டு. தாளைப் பார்த்ததும் அவன் என் மேஜையில் தலையை வைத்து அழுதான். "உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. என்னை விட்டிராதிய அக்கா" என்றான். விடமாட்டேன் என்று சொன்னேன். சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றியிருக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் இலவசமாகப் பார்ப்பார்கள், மருந்தும் தருவார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். போகட்டுமா என்று கேட்டான். அங்கே உங்கள் ஊர்க்காரி ஒருத்தி வேலை பார்க்கிறாள் என்றேன். அப்படி யாரும் இல்லை. அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும், அது முந்நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்று விளக்கினேன். அந்தக் காலத்து விதி அதுதான். விதியில் நான் பொய் சொல்லவில்லை.

எண்களை மட்டும் நான் போட்டேன். முதல் முறை ஐந்நூற்று நாற்பது. அடுத்தது ஐந்நூற்றுப் பத்து. ஒரே மாதிரி இருந்தால் இயல்பாக இருக்காது. 2010 கிறிஸ்துமஸுக்கு முன் வந்தபோது மிகவும் வாடியிருந்தான். அதனால் ஐந்நூற்று எழுபது போட்டுக் கொடுத்தேன். அந்த வருடம் அவன் பண்டிகைக்குப் புதுச்சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டானாம். வைட்டமின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, வெள்ளைக் கவரில் போட்டு, காலையில் ஒன்று என்று எழுதித் தருவேன்.

அவன் வீட்டைவிட்டு வெளியேறி, கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு ஒற்றை அறையில் தங்கியிருந்தான். தனித் தட்டு, தனிக் குவளை. தங்கையின் குழந்தை ஓடி வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான். ஒரு தும்மல் வந்தால் போதும், முடிவு வந்துவிட்டது என்று என்னிடம் ஓடி வருவான். நாக்கை நீட்டிக் காட்டுவான், கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வான். ஒன்றுமில்லை, சளிதான் என்பேன். நான் சொன்னால் அவன் மூச்சு நேராகும். ஒரு மனுஷனின் மூச்சு இன்னொருத்தியின் வார்த்தையில் நேராவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

2011இல் ஒரு நாள் உடம்பெல்லாம் உப்பு காய்ந்து வந்து நின்றான். மீன்பிடிக்க வள்ளத்தில் போயிருந்தபோது தூண்டில் முள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கூட இருந்தவர் தன் துவர்த்துத் துண்டை எடுத்துக் கட்டிவிட வந்திருக்கிறார். "அந்த மனுசனுக்க கையில எனக்க ரெத்தம் படப்பிடாதுன்னு கடல்ல சாடிட்டேன் அக்கா. கிறுக்கனான்னு கேட்டாங்க. ஆளை இழுக்குத ஒழுக்கு. ரெண்டு தடவ தாந்து போனேன். சாவுப் பேடியிலகூட வள்ளத்தைப் பிடிக்கல்ல" என்றான். பல் கிட்டி அடித்துக்கொண்டிருந்தது. நான் அவன் கையைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டினேன். கையுறை போடவில்லை. அவனிடம் நான் எப்போதும் போட்டதில்லை.

அவன் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தான். "உங்களுக்கு மட்டும் பேடியே இல்ல, இல்லியா" என்றான். "ஒலகத்துல என்னைத் தொடுத கை இது ஒண்ணுதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய்யாக இல்லை.

2012இல் கிரேசி வந்தாள். நீல நிறத் துப்பட்டாவால் முகத்தைப் பாதி மூடியிருந்தாள். உள்ளறைக்குள் வந்து அவளே கதவைச் சாத்தினாள்.

"கிளீட்டஸுக்கு நீங்கதான் பாக்குதது இல்லா?"

"யாரு சொன்னா?"

"அவன்தான். மூணு வருசம் ஓடி ஒளிஞ்சான். நேத்து பிடிச்சு நிறுத்தி, சொல்லாம விடமாட்டேன்னு நின்னேன். சொல்லிட்டான்." அவள் குரல் நிதானமாக இருந்தது. "இப்பம் மருந்து இருக்குன்னு நான் விசாரிச்சேன் அக்கா. கெட்டிக்கிட்டு நல்லா இருக்கியவங்க இருக்காங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு பேரையும் சேத்து வச்சுப் பாத்து எல்லாம் சொல்லித் தருவாங்களாம். நான் அவனைக் கெட்டிக்கிடுதேன். எங்க வீட்டுல நான் பேசிக்கிடுதேன். நீங்க ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லணும். நீங்க சொன்னா கேப்பான்."

ரெண்டு பேரையும் சேர்த்து வைத்து. அந்தச் சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. மறுபடி காது அடைத்துக்கொண்டது. நான் எழுந்து அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"மோளே, நீ நல்ல பிள்ள. அதனால சொல்லுதேன். அவனுக்கு எண்ணிக்கை கொறஞ்சிட்டு வருது. உன்கிட்டச் சொல்ல அவனுக்கு மனசு வராது. ரெண்டு வருசம். மிஞ்சிப் போனா மூணு."

"மருந்து?"

"அவன் ஒடம்பு ஏக்கல்ல."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். துப்பட்டாவின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நீ கேட்டதாக அவனுக்குத் தெரியவேண்டாம், இருக்கிற நாள்வரை நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். எட்டு மாதத்தில் குவைத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் அவனிடம் பேசியதாகத் தெரியவில்லை.

அவளிடம் சொன்னதோடு பொருந்த வேண்டும் என்பதற்காக அடுத்த முறை அவன் எண்ணை முந்நூற்று எண்பதாக இறக்கினேன். தாளைப் பார்த்ததும் அவன் உதடு வெளுத்தது. அவன் பயம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே இன்னொரு முறை எடுத்து நானூற்று முப்பது என்று போட்டுக் கொடுத்தேன்.

செல்வன் 2013இல் வந்தார். ஒரு டாக்டர் நீளமாக ஒரு பட்டியல் எழுதி அனுப்பியிருந்தார். மாதக்கணக்கில் இருமல், விடாத காய்ச்சல், எடை பாதியாகிவிட்டது. அந்தப் பட்டியலில் எச்.ஐ.வி. மட்டும் இல்லை. அது முன்னமே பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று அவர் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். தாளையும் காட்டியிருக்கிறார்.

கையில் தோலும் எலும்பும்தான் இருந்தது. நரம்பு கிடைக்க நேரமானது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்க கல்யாணப் பேப்பர் தந்தது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்குப் பொறவு ஒரு பேப்பரும் எனக்கு நல்லதா வரல்ல" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

அன்று நான் இரண்டு கையுறை போட்டிருந்தேன்.

பட்டியலில் ஒரு வரி கூடுதலாக எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதையும் நான் யோசித்தேன். ஆனால் லேப்காரி டாக்டரின் சீட்டில் எழுதக்கூடாது. அது முறையில்லை. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார் என்று செய்தித்தாளின் இரங்கல் பக்கத்தில் பார்த்தேன். போட்டோ கல்யாணத்தில் எடுத்தது.

ஸ்மிதா, அவருடைய மனைவி, இந்த ஜூன் மாதம் வந்தாள். அவளும் காய்ச்சலில் கிடந்து, அரசு ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து, அவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. கணவனின் பெட்டியிலிருந்து அந்த 2009ஆம் வருடத்துத் தாளை எடுத்து வந்திருந்தாள். மேஜையில் விரித்து, ஓரத்திலிருந்த எறும்பு எண்ணின்மேல் விரலை வைத்தாள். ஆறு வருடத்தில் அந்த எண்ணைப் பார்த்த இரண்டாவது ஆள் அவள்தான்.

"இந்த நம்பர் ஆருக்குள்ளது?" என்றாள். சத்தம் போடவில்லை. "மேல இருக்குத நம்பர் இது இல்லியே. எங்க அப்பா இதைப் பாத்துதான் என்னைக் கெட்டிக் குடுத்தது."

எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் காத்திருக்கவில்லை. சென்னைக்கு எழுதினாள். அவர்கள் பதிவேட்டைப் பார்த்து உங்கள் ஸ்டேஷனுக்கு எழுதினார்கள். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். சுந்தரராஜ் சாருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவரை அலையவிடாதீர்கள்.

ஸ்மிதாவுக்குக் குழந்தை இல்லை. அதை நினைத்து நான் பல முறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கோப்பில் செல்வன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒரு தாள் தவறிப்போய் வந்திருக்கிறது, இயந்திரக் கோளாறா, ஆள் கோளாறா என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். முதலில் இயந்திரம். பிறகு நான். அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து எல்லாம் தெரிந்தே செய்தேன். அந்த எறும்பு எண் யாருடையது என்று ஸ்மிதா கேட்டதற்கும் இப்போது பதில் சொல்லிவிட்டேன்: முட்டம் கிளீட்டஸ். அவன் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. முதல் தடவைக்குப் பிறகு பன்னிரண்டு முறைக்குமேல் எடுத்த இரத்தத்தில் ஒரு சொட்டுகூடச் சென்னைக்குப் போகவில்லை. அந்த எண்களெல்லாம் நான் இட்டவை. இதை எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

அவனுக்கு இன்னும் தெரியாது. வருகிற வெள்ளிக்கிழமை எண்ணிக்கை பார்க்க வருவான். வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் கையை நீட்டமாட்டான், வாசலிலிருந்தே திரும்பிவிடுவான். அதனால் சொல்வதை நானே சொல்ல அனுமதிக்க வேண்டும். பயந்த பிள்ளை. நீங்கள் யூனிஃபார்மோடு போய்த் திடீரென்று சொன்னால் தாங்கமாட்டான். வேண்டுமானால் அவனையே கேட்டுப் பாருங்கள், நான் அவனை எப்படி வைத்திருந்தேன் என்று. இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. எடை ஒரு கிலோ குறைந்ததில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டேன்.